பீட்டில் ஹெட் எவ்வளவு சூடாகிறது? வாசகர் கேள்வி பதில்

கண்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்:

"என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய 1968 ஃபோக்ஸ்வேகன் பீட்டில், 1500 எஞ்சின். ஊருக்குள் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நுவரெலியா போகும் வழியில் ரம்பொடை ஏற்றத்தில் இழுவை குறைகிறது, நிறுத்திப் பார்த்தால் ஆயில் கருகிய வாடை. சிலிண்டர் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) எவ்வளவு சூடு என்று காட்டும் டெம்பரேச்சர் கேஜ் ஒன்றை வரவழைத்து வைத்திருக்கிறேன். ஒரு வளையம், அதிலிருந்து நீளமான வயர், ஒரு மீட்டர், அவ்வளவுதான் பெட்டியில் இருந்தது. எந்த சிலிண்டரில் மாட்டுவது, எப்படி மாட்டுவது, எவ்வளவு காட்டினால் பயப்பட வேண்டும்?"

பதில்:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கேஜ் எஞ்சினைக் குளிர்விக்காது, சொல்ல மட்டும்தான் செய்யும். பீட்டில் எஞ்சினைக் குளிர்விப்பது தண்ணீர் அல்ல, ஃபேன் தள்ளும் காற்றுதான். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் எஞ்சினில் காற்று போகும் வழியில் எங்கோ குறை இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் கேஜ் வாங்கியது நல்ல காரியம். இருபது வருடங்களுக்கு முன் என் 1969 பீட்டிலில் அது இல்லாததால் நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பர்லியாறு தாண்டியதும் டிக் டிக் என்று ஒரு சத்தம், அடுத்த வளைவுக்குள் மூன்றாவது சிலிண்டர் செத்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் எக்ஸாஸ்ட் வால்வின் சீட் (வால்வ் மூடும்போது வந்து உட்காரும் வளையம்) கழன்று விழுந்து, பிஸ்டன் தலை பொடிப்பொடியாகக் கொத்தப்பட்டிருந்தது. அதற்கு ஆறு மாதம் முன்புதான் ஒரு கராஜில் எஞ்சினை முழுதாகச் செய்திருந்தேன். அங்கே இடது பக்க சிலிண்டர்களுக்கு அடியில் வரும் தகட்டைத் திரும்ப மாட்டாமலே எஞ்சினைப் பூட்டியிருக்கிறார்கள். காற்று சிலிண்டரைச் சுற்றிப் போகாமல் நேராகக் கீழே இறங்கிப் போயிருக்கிறது. ஆறு மாதமும் ஹெட் வெந்துகொண்டே இருந்தது, எனக்குச் சொல்ல ஒரு முள்கூட இல்லை.

சீட் ஏன் கழல்கிறது என்றால், ஹெட் அலுமினியம், அதில் இறுக்கிப் பொருத்திய சீட் இரும்பு வகை. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவோடு இருக்கும்வரை பிடிப்பு இருக்கும், அளவு மீறினால் பிடிப்பு தளரும். சூடு மீண்டும் மீண்டும் ஏறினால் அலுமினியம் தன் உறுதியையும் இழக்கும்.

சரி, எந்த சிலிண்டர்? மூன்று. காருக்குப் பின்னால் நின்று எஞ்சினைப் பாருங்கள், உங்கள் இடது கைப் பக்கம் உள்ளே தள்ளி, அதாவது பின் சீட்டை ஒட்டி இருப்பது மூன்று, உங்கள் பக்கம் இருப்பது நான்கு. வலது பக்கம் உள்ளே ஒன்று, வெளியே இரண்டு. உங்கள் 1968 எஞ்சினில் ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்கு உள்ளேயே, மூன்றாவது சிலிண்டருக்கு மேலே நட்டுக்குத்தாக நிற்கிறது. ஃபேன் தள்ளும் காற்று அதைத் தாண்டித்தான் மூன்றுக்கு வரவேண்டும், வரும்போதே ஆயிலின் சூட்டை வாங்கிக்கொண்டு, வேகமும் குறைந்து வருகிறது. இந்தக் குறை தொழிற்சாலைக்கும் தெரிந்ததுதான். பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கும் பழைய டிஸ்ட்ரிபியூட்டர்கள் சிலவற்றில் மூன்றாவது சிலிண்டருக்கு மட்டும் பொறி ஓரிரு டிகிரி தாமதமாக விழும்படி கேமை வெட்டியிருப்பார்கள். 1971 மாடலில்தான் 1600 எஞ்சினில் கூலரைக் காற்று வழியிலிருந்து விலக்கி, தனிக் கூட்டில் வைத்தார்கள். அந்தக் கூட்டை 'டாக்ஹவுஸ்' என்று சொல்வார்கள். உங்கள் எஞ்சினை யாராவது பின்னால் அப்படி மாற்றியிருந்தாலும் மூன்றிலேயே போடுங்கள்.

அந்த வளையத்துக்குள் இருப்பது தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளைச் சேர்த்து அந்த இடத்தைச் சூடாக்கினால் மறுமுனையில் சிறு மின்னழுத்தம் பிறக்கும். சீபெக் என்ற ஜெர்மன் அறிவியலாளர் 1821இல் கண்ட விஷயம் இது. இரும்பு, கான்ஸ்டன்டன் (செம்பு நிக்கல் கலவை) ஜோடியாக இருந்தால் 200 டிகிரி செல்சியஸில் கிடைப்பது சுமார் 11 மில்லிவோல்ட், ஒரு வோல்ட்டில் நூறில் ஒரு பங்கு. அந்தத் துளியைக் கொண்டுதான் உங்கள் மீட்டரின் முள் நகர்கிறது, பேட்டரியிலிருந்து அதற்கு எதுவும் வருவதில்லை. இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வயர் நீளமாக இருக்கிறதே என்று வெட்டிவிடாதீர்கள். போதவில்லை என்று சாதாரண செம்பு வயரைக் கோக்கவும் வேண்டாம். முள் மீட்டர்களை அந்த வயரின் மின்தடையையும் கணக்கில் எடுத்துத்தான் அளவு வைத்திருப்பார்கள். அதோடு, எஞ்சின் அறைக்குள் செம்பு வயரைச் சேர்த்தால் அளவு அந்த இணைப்பு இருக்கும் இடத்திலிருந்து ஆரம்பிக்கும், அந்த இடமே கொதித்துக்கொண்டிருக்கும்போது மீட்டர் குறைத்துத்தான் காட்டும். மிச்ச வயரைச் சுருட்டி டாஷ்போர்டுக்குப் பின்னால் கட்டிவிடுங்கள்.

இந்த வளையம் ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் உட்காரும், அதனால் மாட்டுவதற்கு முன் அதன் துளையைப் பாருங்கள். பீட்டில் பிளக்கின் மரை 14 மில்லிமீட்டர். விமான எஞ்சின் பிளக்குகள் 18 மில்லிமீட்டர், அவற்றுக்கான வளையங்களும் கடைகளில் கலந்து கிடைக்கின்றன, அதைப் போட்டால் லொடலொடவென்று ஆடும். அப்புறம் வீட்டு அடுப்பிலேயே ஒரு சோதனை. தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து வளையத்தை அதில் தொங்கவிடுங்கள், பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. கண்டி சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் உங்கள் வீட்டில் தண்ணீர் 98 டிகிரிக்குச் சற்று மேலே கொதிக்கும். நுவரெலியாவில் செய்தால் 94ஐ ஒட்டி. முள் அதற்குப் பக்கத்தில் நின்றால் நல்லது. முள் பின்பக்கமாகச் சாய்ந்தால் வயர் மாறியிருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்க நிறமுறையில் தெர்மோகப்பிள் வயரில் சிவப்புதான் மைனஸ், நம் எலக்ட்ரீசியன் கை பழக்கத்தில் அதைப் பிளஸில் கொடுத்துவிடும். ஐரோப்பிய முறையில் வெள்ளை மைனஸ்.

இனி மாட்டும் வேலை. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், ராத்திரி நிறுத்தி காலையில் தொடங்குவதே சரி. சூடான அலுமினிய ஹெட்டிலிருந்து பிளக்கைத் திருகினால் மரையும் கூடவே வந்துவிடும். பிளக் குழியைச் சுற்றி இருக்கும் மண், தூசை முதலில் காற்றடித்து ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் பிளக்கைக் கழற்றியதும் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். மூன்றாவது பிளக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது, முட்டி போட்டுக் கையால் தடவித்தான் வேலை செய்ய வேண்டும். நடுவில் மடங்கும் மூட்டு வைத்த பிளக் ஸ்பேனர் இருந்தால் பாதிக் கஷ்டம் போய்விடும்.

பழைய பிளக்கோடு ஒரு வாஷர் வரும். அதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இந்த வளையத்தைப் போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பிளக் அந்த அளவுக்கு வெளியே தள்ளி நிற்கும், நடுவில் இன்னொரு உலோகம் வருவதால் சூடும் சரியாக வந்து சேராது. வளையத்திலிருந்து வயர் புறப்படும் நாக்கை முன்கூட்டியே மெதுவாக மேல்நோக்கி வளைத்துக்கொள்ளுங்கள், பிளக் குழி குறுகலானது, தட்டையாக வைத்தால் ஒரு பக்கம் ஹெட்டில் இடித்துக்கொண்டு வளையம் சாய்ந்து உட்காரும். சாய்ந்து உட்கார்ந்தால் கம்ப்ரஷன் கசியும், அந்த நெருப்புக் காற்று வளையத்தையும் தின்றுவிடும், கூடவே மரையையும். நாக்கின் ஓரத்தைக் கொஞ்சம் அரத்தால் ராவ வேண்டியிருந்தால் ராவலாம். ஹெட்டை மட்டும் ராவாதீர்கள்.

பிளக்கைத் திரும்பப் போடும்போது ஸ்பேனரை எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பெட்ரோல் ரப்பர் ஹோஸ் வெட்டி, பிளக்கின் மேல்முனையில் செருகி, அதைப் பிடித்து விரலால் திருகுங்கள். மரை சரியாகப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். கோணலாகப் பிடித்தால் ஹோஸ் பிளக்கின் மேல் சுற்றிக்கொள்ளுமே தவிர மரையை அறுக்காது. பீட்டில் ஹெட்டில் மரை இருக்கும் ஆழமே அரை அங்குலம்தான், ஒரு முறை அறுந்தால் எஞ்சினை இறக்கி புது மரைக்கு இன்சர்ட் போடும் வேலை. அடிவரை விரலால் போன பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள், அப்போது வளையம் பிளக்கோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும். நீளமான ஸ்க்ரூடிரைவரால் நாக்கைத் தடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே கவனம் தவறித்தான் பல பேருடைய வயர் முதல் நாளே வளையத்தின் கழுத்தில் முறிகிறது.

இப்போது எல்லோரும் தவறவிடும் இடத்துக்கு வருகிறேன். பிளக் வயரின் முனையில் அகலமான ஒரு ரப்பர் தொப்பி இருக்கிறதல்லவா, அது சிலிண்டர்களை மூடியிருக்கும் தகட்டிலுள்ள துளையை அடைக்கத்தான் இருக்கிறது. ஃபேன் தள்ளும் காற்று தகட்டுக்குள்ளேயே அடைபட்டு, ஹெட்டின் ஃபின்களுக்கு (சூட்டை வெளிவிட நீட்டிய மெல்லிய பட்டைகள்) நடுவே புகுந்து கீழே போக வேண்டும். தெர்மோகப்பிள் வயரை அந்த ரப்பரின் ஓரமாக நெருக்கி வெளியே எடுத்தால் ரப்பர் தூக்கிக்கொண்டு நிற்கும், அந்தச் சந்தில் காற்று வீணாகும். சூட்டை அளக்கப் போய் சூட்டைக் கூட்டிய கதையாகிவிடும். ரப்பரில் பிளேடால் சின்னக் கீறல் போட்டு வயரை அதன் வழியே எடுங்கள், அல்லது தகட்டில் தனியாக ஒரு துளை போட்டு ரப்பர் குரோமெட் வைத்து எடுங்கள்.

அங்கிருந்து வயரை எஞ்சின் அறையின் முன்சுவரில் ஏற்கெனவே இருக்கும் வயர் துளை வழியாக பின் சீட்டுக்கு அடியில் கொண்டுவந்து, இடது பக்கக் கம்பளத்துக்கு அடியிலேயே டாஷ்போர்டுவரை இழுத்துவிடலாம். பிளக் வயர், காயில் இரண்டிலிருந்தும் நன்றாகத் தள்ளிக் கட்டுங்கள், எக்ஸாஸ்ட் குழாயைத் தொடவே கூடாது. பின் சீட்டுக்கு அடியில் வலது பக்கம் பேட்டரி. சீட்டைத் தூக்கியது தூக்கியதுதான், பேட்டரிக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சீட்டின் ஸ்பிரிங் பேட்டரி முனையைத் தொட்டு பீட்டில்கள் தீப்பிடித்திருக்கின்றன.

எவ்வளவு காட்டினால் பயப்படுவது என்று கேட்டீர்கள். பிளக்குக்கு அடியில் அளக்கும்போது சமதளத்தில் சீராக ஓடினால் 150 முதல் 200 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது வழக்கம். ஏற்றத்தில் கொஞ்ச நேரம் 210, 220 போய் இறங்கினால் சரி. 230ஐத் தொட்டால் கால் எடுத்தே ஆகவேண்டும். ஆனால் இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் உங்களிடம் இருப்பது போன்ற எளிய முள் மீட்டர் அளப்பது ஹெட்டுக்கும் மீட்டருக்கும் இடையிலான சூட்டு வித்தியாசத்தைத்தான். மீட்டர் இருக்கும் இடம் 20, 25 டிகிரி என்று வைத்துக்கொண்டு அளவு போட்டிருப்பார்கள். கொழும்பு வெயிலில் நின்ற காரில் டாஷ்போர்டுக்குப் பின்னால் 40 டிகிரி இருந்தால் முள் 180 காட்டும்போது ஹெட் உண்மையில் 195, 200. அதே முள் நுவரெலியாக் குளிரில் 180 காட்டினால் உண்மை 170, 175தான். அதனால் முதல் ஒரு மாதம் எந்த வேகத்தில், எந்த கியரில், என்ன வெயிலில் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். உங்கள் எஞ்சினின் வழக்கமான இடம் தெரிந்துவிட்டால், பிறகு அதே சாலையில் அதே வேகத்தில் முள் 15, 20 டிகிரி கூடுதலாக நின்ற அன்றே ஏதோ ஆகியிருக்கிறது என்று பிடித்துவிடலாம்.

கேஜ் மாட்டும் அன்றே இவற்றையும் பாருங்கள். எஞ்சின் அறையைச் சுற்றி உள்ள ரப்பர் பட்டை ஒரு இடத்தில்கூட விட்டுப்போகக் கூடாது, விட்டுப்போனால் கீழே போன சூடான காற்றையே ஃபேன் மறுபடி உறிஞ்சும். சிலிண்டருக்கு அடித் தகடுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றனவா என்று காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள், என் அனுபவத்தைச் சொல்லிவிட்டேன். ஆயில் கூலர் நடுவே எண்ணெயும் தூசும் சேர்ந்து அடைத்திருக்கலாம், பல நாள் நிறுத்திய காராக இருந்தால் ஃபேன் கூட்டுக்குள் எலி கூடு கட்டியிருக்கும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம். பெட்ரோல் கலவை மெலிந்திருந்தால் ஹெட் சூடேறும், பொறி விழும் டைமிங் மிகவும் முன்னால் இருந்தாலும் சூடேறும். அப்புறம் வால்வ் கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கு விட வேண்டிய இடைவெளி, குளிர்ந்த எஞ்சினில் 0.15 மில்லிமீட்டர். ஒவ்வொரு முறையும் மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வ் மட்டும் இறுகிக்கொண்டே வந்தால் வால்வ் நீள்கிறது, இல்லையென்றால் சீட் உள்ளே போகிறது. அந்த நிலையில் மலைக்குப் போகாதீர்கள்.

ரம்பொடையில் முள் ஏறினால் கியரைக் குறையுங்கள். நான்காவது கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து இழுத்துக்கொண்டு போகும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றும், அதோடு கட்டிய ஃபேனும் மெதுவாகவே சுற்றும், வெடிப்பு மட்டும் முழு பலத்தில். மூன்றுக்கு, தேவைப்பட்டால் இரண்டுக்கு வாருங்கள், காலைத் தளர்த்துங்கள், முள் இறங்குவது உங்கள் கண்ணுக்கே தெரியும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்துங்கள், ஆனால் உடனே சாவியை அணைக்க வேண்டாம், இரண்டு நிமிடம் சும்மா ஓடட்டும், ஃபேன் நின்றுவிட்டால் சூடு போக வழி இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு, ஸ்பீடோமீட்டரில் ஜெனரேட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள். பீட்டிலில் ஜெனரேட்டரும் ஃபேனும் ஒரே தண்டில், ஒரே பெல்ட்டில். பெல்ட் அறுந்தால் காற்றே கிடையாது.

கோயம்புத்தூரிலிருந்து இன்னொரு வாசகர்:

"என் பீட்டில் 1963, ஆறு வோல்ட். எனக்கும் இந்த கேஜ் வேலை செய்யுமா? ஆயில் டெம்பரேச்சர் கேஜ் இருந்தால் போதாதா?"

பதில்:

முள் கேஜ் தாராளமாக வேலை செய்யும், மேலே சொன்னபடி அதற்குப் பேட்டரி தேவையில்லை. உள்ளே இருக்கும் சின்ன விளக்கு மட்டும் 12 வோல்ட் பல்பாக வரும், அதை 6 வோல்ட் பல்பாக மாற்றி டாஷ்போர்டு விளக்கு வயரில் இணையுங்கள். டிஜிட்டல் கேஜ் என்றால் அதற்கு 12 வோல்ட் வேண்டும், உங்களுக்குச் சரிப்படாது. டிஜிட்டலில் ஒரு வசதி உண்டு, அவற்றில் பெரும்பாலானவை மீட்டர் இருக்கும் இடத்தின் சூட்டையும் தானே கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

ஆயில் கேஜ் வேறு விஷயம் சொல்கிறது. ஆயில் சூடேற நேரம் எடுக்கும், இறங்கவும் நேரம் எடுக்கும், ஒரு மணி நேரப் பயணத்தின் நிலவரத்தை அது சொல்லும். ஹெட் கேஜ் இந்த வளைவில், இந்த நிமிடத்தில் நடப்பதைச் சொல்லும். கார்புரேட்டர் ஜெட்டில் தூசு அடைத்துக் கலவை மெலிந்தால் ஹெட் முள் சில நிமிடங்களிலேயே எழும்பிவிடும், ஆயில் முள் அசைவதற்குள் வால்வுக்கு ஆபத்து வந்துவிடும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மலைச்சாலையில் ஓட்டுபவருக்கு நான் ஹெட் கேஜையே சொல்வேன். இரண்டும் இருந்தால் மிக நல்லது.

பினாங்கிலிருந்து ஒரு வாசகி:

"துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கும் அகச்சிவப்பு தெர்மாமீட்டர் வீட்டில் இருக்கிறது. என் ஃபோக்ஸ்வேகன் கோம்பி வேனை நிறுத்திவிட்டு அதைக் காட்டிப் பார்த்தால் போதாதா அண்ணா?"

பதில்:

போதாதும்மா. பளபளப்பான அலுமினியம் அகச்சிவப்பை மிகக் குறைவாகத்தான் வெளிவிடும், அதனால் அந்தக் கருவி உண்மையைவிட நிறையக் குறைத்துக் காட்டும். ஹெட்டோ தகட்டுக்குள் மூடிக் கிடக்கிறது, உங்களுக்குக் கிடைப்பது தகட்டின் சூடுதான். அதோடு நாம் அறிய வேண்டியது ஏற்றத்தில் இழுக்கும்போது இருக்கும் சூடு, நிறுத்திய பின் இருக்கும் சூடு அல்ல. அந்தத் துப்பாக்கி வேறொரு வேலைக்கு உதவும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் நான்கு எக்ஸாஸ்ட் குழாய்களையும் ஹெட்டை ஒட்டிய இடத்தில் ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் மற்ற மூன்றைவிட மிகவும் குளிர்ந்திருந்தால் அந்த சிலிண்டர் சரியாக எரியவில்லை, பிளக்கையும் பிளக் வயரையும் அங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்.